டைகர்மில்க்கா, சினிஸ்டரா?
ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் பெல் அண்ட் செபாஸ்டியன் இசைக்குழுவுக்கு முதல் இரண்டு ஆல்பங்களும் 1996லேயே வந்துவிட்டன. இரண்டில் எது மேல் என்பதுதான் கேள்வி. ‘டைகர்மில்க்’ ஸ்டோ கல்லூரியின் இசைத்தொழில் படிப்புக்காகப் பதிவானது; போட்டது 1000 இசைத்தட்டுகள்தான். மறுவெளியீடு 1999இல். அதுவரை நகல் கேசட்டை நம்பியிருந்தவர்கள் உண்டு.

இரண்டாவதான ‘இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்’ பாடல்களில் கெட்டி. ஒலிப்பதிவுதான் கொஞ்சம் சோகை. குழுவின் பாடகர் ஸ்டுவர்ட் மர்டாக்குக்கே அது உறுத்தியது. 2005இல் லண்டன் பார்பிகன் அரங்கில் மொத்த ஆல்பத்தையும் வாசித்து, அதையும் வெளியிட்டார்கள்.

சரி, என் ஓட்டு சினிஸ்டருக்கே. முதல் பாட்டைக் கேளுங்கள்: காதோரம் முணுமுணுப்பாகத் தொடங்குகிறது, அப்புறம் ட்ரம்பெட் புகுந்து வீட்டையே நிறைக்கிறது. அதே கிளாஸ்கோவின் கேமரா அப்ஸ்க்யூரா குழு 2001இல் வெளியிட்ட முதல் ஆல்பத்திலும் இந்த முணுமுணுப்பின் சாயல் இருக்கிறது.