பென்ஷனர் சங்க உறுப்பினர் பட்டியலுக்கு சிவிசிஆர்எம் (CiviCRM) சாஃப்ட்வேர் – மூணு வருஷம் ஓட்டிப் பாத்த அனுபவம்

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு செவ்வாக்கிழமை எங்க சங்க ஆபீஸுக்கு ஒரு அம்மா வந்தாங்க, கையில நாங்க அனுப்பின பொதுக்குழு அழைப்புக் கவர். கவர் மேல அவங்க வீட்டுக்காரர் பேரு. அவர் தவறி அப்பவே ரெண்டு வருஷம் ஆச்சு, நாங்களே மாலை எடுத்துட்டுப் போயிருக்கோம், இரங்கல் கூட்டமும் போட்டிருக்கோம். "சார், போன வருஷமும் வந்துச்சு, சரின்னு விட்டுட்டேன், போஸ்ட்மேன் வாசல்ல நின்னு அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுறப்ப ஒரு மாதிரி ஆயிடுது, அந்தப் பேரை மட்டும் எடுத்துடுங்க சார்"னு சொன்னாங்க. கோபமே படல. திட்டியிருந்தாக்கூட பரவால்லன்னு தோணுச்சு எனக்கு.

அன்னைக்கு சாயங்காலமே எக்செல்லைத் திறந்து அந்த வரியை அழிக்கப் போனேன். அப்பதான் புரிஞ்சது, அந்த வரியை அழிச்சா அந்தம்மாவும் சேந்து போயிடுவாங்க. அவங்க இப்ப குடும்ப ஓய்வூதியம் வாங்குறவங்க, எங்க சங்க விதிப்படி அவங்களும் உறுப்பினர்தான், சொல்லப்போனா சங்கத்தோட உதவி அவங்களுக்குத்தான் அதிகம் தேவை. ஆனா எங்க லிஸ்ட்ல அவங்களுக்குன்னு ஒரு இடமே இல்ல. ஒரு வரின்னா ஒரு பேரு ஒரு விலாசம், அவ்ளோதான். ஆளும் வீடும் சந்தாவும் பென்ஷனும் எல்லாம் ஒரே வரியில ஒட்டிக் கிடந்துச்சு.

நாங்க திருச்சியில மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சங்கம், உறுப்பினர் ஆயிரத்துச் சொச்சம் பேர். நான் இணைச் செயலாளர், பட்டியல் என் பொறுப்பு. எனக்கு முன்னாடி தகரப் பெட்டியில கார்டு போட்டு வெச்சிருந்தாங்க, அப்புறம் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு சாஃப்ட்வேர், எழுதினவரையே அப்புறம் கண்டுபிடிக்க முடியல, கம்ப்யூட்டர் மாத்தினதும் அது திறக்கவே இல்ல. அதுக்கப்புறம் எக்செல், அதுவும் வானவில் ஃபான்ட்ல. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா கிறுக்கின மாதிரி தெரியும்.

என் அக்கா பையன் ஐடியில இருக்கான், அவன்தான் "மாமா, சிவிசிஆர்எம்னு ஒன்னு இருக்கு, சங்கம் அறக்கட்டளை மாதிரி இடத்துக்குன்னே பண்ணது, காசு கிடையாது, பாருங்க"ன்னான். 2005லேர்ந்து வளந்துட்டு வர்ற ஓப்பன் சோர்ஸ் ப்ரோகிராம் அது. வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லான்னு வெப்சைட் நடத்துற சாஃப்ட்வேர் இருக்கே, இதுல எது மேல வேணாலும் உக்காத்தி வெக்கலாம், எங்களுக்கு வேர்ட்பிரஸ்ல போட்டுக் கொடுத்தான். சாஃப்ட்வேர் இலவசம், ஆனா சர்வருக்கும் டொமைனுக்கும் வருஷத்துக்கு சில ஆயிரம் ஆகுது, அது சங்கக் கணக்குல போகுது.

இதுல எனக்குப் பிடிச்ச முதல் விஷயம் என்னன்னா, ஆளு வேற வீடு வேறன்னு இதுக்குத் தெரியுது. தனிநபர், குடும்பம், அமைப்புன்னு மூணு வகை பதிவு. கணவருக்கு ஒன்னு மனைவிக்கு ஒன்னு போட்டு, ரெண்டு பேருக்கும் நடுவுல வாழ்க்கைத்துணைன்னு உறவு கட்டிவிடலாம். விலாசத்தை ஒருத்தர் பதிவுல போட்டுட்டு இன்னொருத்தருக்கு "இவரோட விலாசமேதான்"னு இணைச்சுட்டா, வீடு மாறினா ஒரு இடத்துல மாத்தினாப் போதும். கடிதம் அனுப்புறப்ப ஒரே விலாசத்துல இருக்கறவங்களுக்கு ஒரே கவரா சேத்துக்கவும் வசதி இருக்கு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமே சர்வீஸ்ல இருந்து ரிட்டயர் ஆன வீடு எங்ககிட்ட நிறைய, முன்னாடியெல்லாம் ஒரே வீட்டுக்கு ரெண்டு கவர் போகும், தபால் செலவு தண்டம்.

அடுத்தது, யாராவது தவறிட்டா அவர் பதிவை அழிக்க வேண்டியதில்ல. இறந்துட்டார்னு ஒரு டிக், பக்கத்துல தேதி. அதோட அவருக்கு ஈமெயில் போறது நின்னுடும், விலாச லேபிள் எடுத்தாலும் அவர் பேரு வராது, உறுப்பினர் நிலையும் அதுக்கேத்த மாதிரி மாறிடும். ஆனா அவர் எப்ப சேந்தார், எவ்ளோ சந்தா கட்டினார், எந்த வழக்குல நமக்காகக் கையெழுத்துப் போட்டார், எல்லாம் அப்படியே பத்திரமா இருக்கும். அந்தம்மா பேர்ல தனிப்பதிவு போட்டதுதான் நான் இதுல பண்ண முதல் வேலை.

தமிழ்ப் பேருக்குக் கொஞ்சம் மெனக்கெடணும். ஃபர்ஸ்ட் நேம் லாஸ்ட் நேம்னு வெள்ளைக்காரங்க வழக்கப்படிதான் கட்டம் இருக்கும், நமக்கோ இனிஷியல். பேரை ஃபர்ஸ்ட் நேம் கட்டத்துலயும் இனிஷியலை லாஸ்ட் நேம் கட்டத்துலயும் போட்டு, செட்டிங்ஸ்ல பேரு தெரியுற வரிசையை இனிஷியல் முன்னாடி வர்ற மாதிரி மாத்திக்கிட்டோம். திரு, திருமதி, அன்புள்ள, எல்லாத்தையும் தமிழ்லயே சேத்துக்கலாம். இதை ஆரம்பத்துலயே பண்ணிடுங்க, ஆயிரம் பேரை ஏத்தினதுக்கப்புறம் மாத்த உக்காந்தா நாள் பூரா போகும்.

பழைய பட்டியலை ஏத்துறதுதான் பெரிய வேலை. வானவில்ல இருந்ததை என்எச்எம் கன்வெர்ட்டர்ங்கற எழுத்துரு மாத்துற ப்ரோகிராம்ல போட்டு, எந்தக் கம்ப்யூட்டர்லயும் தெரியுற யூனிகோடுக்கு மாத்தினோம், அதுவும் இலவசம்தான், நல்லா வேலை செய்யுது, ஆனா நடுவுல இங்கிலீஷ்ல அடிச்சிருந்த விலாசமெல்லாம் குழம்பிடுச்சு, அதை ஒவ்வொன்னா கையால சரி பண்ணோம். எக்செல்லேர்ந்து சேவ் பண்றப்ப சாதா சிஎஸ்வின்னு போட்டுடாதீங்க, தமிழ் எல்லாம் கேள்விக்குறியா மாறிடும், யுடிஎஃப்-8 சிஎஸ்வின்னு தனியா இருக்கும் பாருங்க அதுலதான் போடணும். பிறந்த தேதி விஷயத்துல இன்னும் ஜாக்கிரதை, நாள் முதல்லயா மாசம் முதல்லயான்னு இம்போர்ட் பண்றப்பவே கேக்கும், தப்பாச் சொல்லிட்டா ஆகஸ்ட் 3 மார்ச் 8 ஆயிடும். ஒரே ஆள் மூணு தடவை இருந்ததெல்லாம் உண்டு எங்க லிஸ்ட்ல. இரட்டைப் பதிவு தேடுற வசதியில எதை வெச்சுத் தேடணும்னு நாமளே விதி எழுதலாம், நாங்க பிபிஓ நம்பரை, அதாவது பென்ஷன் உத்தரவு நம்பரை, ஒரு தனிக் கட்டமா சேத்து அதை வெச்சுத் தேடினோம், பேரு ஒரே மாதிரி இருக்கற ரெண்டு பென்ஷனருக்கு பிபிஓ நம்பர் ஒன்னா இருக்காதே.

இப்ப நான் சொல்லப் போறதுதான் எங்களுக்குக் கிடைச்ச பெரிய பலன். மத்திய அரசு பென்ஷன்ல 80 வயசு ஆனதும் அடிப்படை ஓய்வூதியத்துல 20 சதவீதம் கூடுதலாக் கிடைக்கணும், 85ல 30, 90ல 40, 95ல 50, நூறு வயசானா அடிப்படைத் தொகை அளவுக்கே முழுசா இன்னொரு மடங்கு. எந்த மாசத்துல 80 வருதோ அந்த மாசம் 1ம் தேதியிலேர்ந்தே சேரணும். தானா ஏறிடும்னு எல்லாரும் நம்பி உக்காந்திருப்பாங்க. பல பேருக்கு ஏறும், சிலருக்கு ஏறாது, பதிவுல பிறந்த தேதி சரியா இல்ல, இல்ல வேற ஏதாவது. குடும்ப ஓய்வூதியத்துக்கும் இந்தக் கூடுதல் உண்டு, அதுல இன்னும் மோசம், ஏன்னா அந்தம்மாக்களோட பிறந்த தேதி பல பழைய பிபிஓவுல இருக்கவே இருக்காது.

சிவிசிஆர்எம்ல ஸ்மார்ட் குரூப்னு ஒன்னு இருக்கு. ஒரு தேடலைச் சேமிச்சு வெச்சா அது ஒரு குழுவா நிக்கும், நிபந்தனைக்குள்ள வர்ற ஆளு தானா உள்ள வந்துடுவாங்க, வெளிய போறவங்க போயிடுவாங்க. 80 வயசு எட்டினவங்க, 85 எட்டினவங்கன்னு குழு வெச்சிருக்கோம். மாசா மாசம் முதல் வாரம் அதைத் திறந்து பாத்து புதுசா வந்தவங்களுக்கு போன் போடுறோம், "ஐயா, பாஸ்புக் என்ட்ரி போட்டீங்களா, போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் தொகையில வித்தியாசம் இருக்கா"ன்னு. இப்படிக் கேட்டதுல ஒரு அம்மாவுக்கு பதினாலு மாசமா ஏறாம இருந்தது தெரிஞ்சுது, பேங்க்ல கடிதம் கொடுத்து அரியரோட வாங்கிக் கொடுத்தோம். அந்தப் பணத்துல அவங்க கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. எக்செல்லே போதுமேன்னு கமிட்டியில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருந்தார், அதுக்கப்புறம் கேக்கல.

அதே மாதிரி வாழ்நாள் சான்றிதழ், பென்ஷனர் உயிரோட இருக்கார்னு வருஷா வருஷம் காட்டுறது. நவம்பர்ல கொடுக்கணும், 80 தாண்டினவங்க அக்டோபர் 1லேர்ந்தே கொடுக்கலாம். 2014ல ஜீவன் பிரமாண்ங்கற டிஜிட்டல் சான்றிதழ் வந்ததுக்கப்புறம் விரல் வெச்சு டிஜிட்டலா கொடுக்கலாம், இப்ப முகத்தை வெச்சே போன்ல முடிச்சுடலாம், ஆனா எங்காளுங்க பாதிப் பேருக்கு ரேகை தேஞ்சு போச்சு, போன்ல தனியாப் பண்ணத் தயக்கம். யார் முடிச்சாங்க யார் முடிக்கலைன்னு ஒவ்வொருத்தர் பதிவுலயும் குறிச்சுக்கிட்டே வந்து, நவம்பர் 20 தேதிக்கு மேல மிச்சம் இருக்கறவங்க வீட்டுக்கே ஆள் போறோம். முடியாதவங்களுக்குப் பக்கத்துத் தெருவுல இருக்கற உறுப்பினர் யாருன்னு பின்கோடு வெச்சுத் தேடினா ரெண்டு நிமிஷத்துல வந்துடும்.

இப்ப குறைகள், இதையும் சொல்லணும். மொத வருஷம் நினைவூட்டல் ஈமெயில் எல்லாம் அழகா எழுதி தேதி குறிச்சு வெச்சோம், ஒன்னு கூட போகல. சர்வர்ல க்ரான்னு ஒன்னு ஓடணும், அது ஓடினாத்தான் குறிச்ச வேலையெல்லாம் நடக்கும், அது போடணும்னு எங்களுக்குத் தெரியல. நவம்பர் 15 வரைக்கும் எல்லாருக்கும் போயிடுச்சுன்னே நினைச்சுக்கிட்டு இருந்தோம், அப்புறம் ராத்திரி பகலா போன் பண்ணி சமாளிச்சோம். நிறுவுறவங்ககிட்ட இதை முதல்லயே கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

விலாச லேபிள் இதுலயே பிடிஎஃப்பா எடுக்கலாம்னு இருக்கு, இங்கிலீஷ்ல அருமையா வருது, தமிழ்ல எடுத்தா கொம்பும் காலும் இடம் மாறி நிக்குது, கோபாலன் பேரையே படிக்க முடியாது. அதனால நாங்க பட்டியலை மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி லிப்ரே ஆபிஸ் ரைட்டர்ல மெயில் மெர்ஜ் (பட்டியல்லேர்ந்து ஒவ்வொரு பேரையும் லேபிள்ல தானா நிரப்புறது) போட்டு 24 லேபிள் ஏ4 ஸ்டிக்கர் ஷீட்ல எடுக்குறோம், அதுல தமிழ் சுத்தமா வருது. இப்படி எக்ஸ்போர்ட் பண்றப்ப தவறினவங்களும் தபால் வேண்டாம்னவங்களும் சேந்து வந்துடாம தேடல்லயே விலக்கிக்கணும், இதை நான் ஒரு தாள்ல எழுதி கம்ப்யூட்டர் பக்கத்துல ஒட்டியே வெச்சிருக்கேன். பின்கோடு வரிசையில அடுக்கிட்டா தபால் ஆபீஸ்லயும் கட்டு கட்டா கொடுக்க சௌகரியம்.

ஈமெயில் அனுப்புறதுக்கும் தனியா ஏற்பாடு வேணும். முன்னாடி ஜிமெயில்ல பிசிசி போட்டு அனுப்புவோம், ஒரு நாளைக்கு 500 பேரைத் தாண்டினா அது நிறுத்திடும். இதுல மொத்தமா அனுப்பலாம், திரும்பி வர்ற மெயிலைக் கணக்குல எடுத்து அந்த விலாசத்தை நிறுத்தி வெக்கும், வேண்டாம்ங்கறவங்க விலகிக்க லிங்க் இல்லாம அனுப்பவே விடாது, அதெல்லாம் நல்லதுதான். ஆனா மெயில் நம்மகிட்டேர்ந்துதான் வருதுன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகேஐஎம்னு ரெண்டு செட்டிங் டொமைனுக்கு சரியா வெக்கலேன்னா எல்லாம் ஸ்பேம்ல போய் விழும். எஸ்எம்எஸ் வேணும்னா மொத்தமா அனுப்புறவங்க பண்ண வேண்டிய டிஎல்டி பதிவு, அனுப்புற வாசகத்துக்கு டெம்ப்ளேட் அனுமதின்னு தனி அலைச்சல், நாங்க அதை விட்டுட்டோம். வாட்ஸப் இதுலேர்ந்து நேரா போகாது, அதைத் தனியாத்தான் பாக்குறோம்.

இன்னொன்னு, மாசத்துக்கு ஒரு புது வெர்ஷன் வருது. பாதுகாப்பு சம்பந்தப்பட்டது வந்தா போட்டே ஆகணும், அதுக்கு முன்னாடி பேக்கப் எடுக்கணும். கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் ஒருத்தராவது கூட இல்லாத சங்கம் இதுல இறங்க வேண்டாம், எரநூறு பேருக்குள்ள இருக்கற சங்கத்துக்கு ஒழுங்கா வெச்ச ஒரு எக்செல்லே போதும், மெனு அவ்ளோ இருக்கு இதுல, எங்க எது இருக்குன்னு பழக எனக்கே ஆறு மாசம் ஆச்சு. ஆனா யார் யாருக்கு எதைப் பாக்க அனுமதின்னு பிரிச்சுக் கொடுக்கலாம், இது எனக்கு முக்கியம். பிபிஓ நம்பர், பிறந்த தேதி, விலாசம் மூணும் ஒரே இடத்துல இருக்குன்னா ஏமாத்துறவனுக்கு அது போதும், பென்ஷனர்களைக் குறி வெச்சு எத்தனை போன் வருதுன்னு உங்களுக்கே தெரியும். அதனால ரெண்டு பேருக்குத்தான் பிபிஓ கட்டம் தெரியும், மத்த தொண்டர்களுக்கு பேரு, போன், தெரு, அவ்ளோதான். பென் டிரைவ்ல பட்டியல் கொடுக்குறதை அடியோட நிறுத்திட்டோம்.

சங்கப் பதிவுச் சட்டப்படி உறுப்பினர் பதிவேடு வெச்சே ஆகணும், அதுக்காக வருஷத்துக்கு ஒரு தடவை இதுலேர்ந்து பட்டியல் எடுத்து அச்சடிச்சு பைண்ட் பண்ணி பீரோவுல வெச்சிடுறோம். கரண்ட் இல்லாத அன்னைக்கும் யாராவது வந்து கேட்டா பதில் சொல்லணுமில்ல.

போன பொதுக்குழுவுக்கு அந்தம்மா வந்திருந்தாங்க, அவங்க பேர் போட்ட கவரையே அடையாளத்துக்குக் கையில எடுத்துட்டு வந்து வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டாங்க. இந்த வருஷ பொதுக்குழு அழைப்புல இதுவரைக்கும் பதினொரு கவர் திரும்பி வந்திருக்கு, விலாசம் மாறினவங்க. அதுல ஏழு பேரை போன்ல பிடிச்சு மாத்தியாச்சு, மிச்சம் நாலு பேர் நம்பரும் போகல, அவங்க தெருவுல இருக்கற உறுப்பினர்கள்கிட்ட விசாரிக்கச் சொல்லியிருக்கோம்.