ஸ்டாட்டிக்: ஏழு வருடப் பழக்கத்தில் நான் கண்டது

2017இல் தஞ்சாவூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் நான் கேட்டு வாங்கிய முதல் மருந்து ஸ்டாட்டிக். ஸ்டாட்-3 என்ற படியெடுப்புக் காரணியின் (மரபணுக்களை இயக்கிவிடும் புரதம்) எஸ்எச்2 பகுதியைப் பிடித்து, அது இரட்டையாகி உட்கருவுக்குள் போவதைத் தடுக்கும் சிறு மூலக்கூறு. 2006இல் வெளிவந்தது. மரபணுவைத் தொடாமல் ஒரு மணி நேரத்தில் ஸ்டாட்-3ஐ அடக்கிப் பார்க்கலாம் என்பதே அதன் பலம்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஹெப்ஜி2 என்ற கல்லீரல் புற்றுச் செல்களுக்கு 10 மைக்ரோமோலார் ஒரு மணி நேரம் கொடுத்து, ஸ்டாட்-3ஐத் தூண்டும் ஐஎல்-6 சேர்த்து அரை மணியில் எடுத்து, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) பாருங்கள். டைரோசின் 705 என்ற இடத்தில் பாஸ்பேட் ஏறிய, அதாவது தூண்டப்பட்ட ஸ்டாட்-3இன் பட்டை மங்கியிருக்கும், மொத்த ஸ்டாட்-3 அப்படியே நிற்கும். 24 மணி நேரம் விட்டால் செல்கள் சாக ஆரம்பித்துவிடும். சாகிற செல்லில் எந்தப் புரதம் குறைந்தாலும் அதை ஸ்டாட்-3 கணக்கில் எழுத முடியாது.

என்னை ஆறு மாதம் அலைய வைத்தது வேறு விஷயம். ஸ்டாட்டிக்கோடு என்-அசிட்டைல் சிஸ்டீன் (கந்தகத் தொகுதி உள்ள ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி) சேர்த்தால் செல்கள் பிழைத்தன. ஆக்சிஜனேற்ற அழுத்தம்தான் காரணம் என்று படமெல்லாம் வரைந்துவிட்டேன். ஆனால் ஸ்டாட்டிக் கந்தகத் தொகுதிகளோடு வினைபுரியக்கூடியது. கந்தகத் தொகுதி உள்ள டிடிடி என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் அதன் வீரியம் போய்விடும் என்று முதல் கட்டுரையிலேயே இருக்கிறது. நான் சேர்த்த அசிட்டைல் சிஸ்டீனும் செல்கள் வளரும் மீடியாவிலேயே மருந்தைப் பிடித்து வைத்திருக்கலாம். அப்படியிருக்க, செல்லுக்குள் நடந்ததைப் பற்றி அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை. அந்தப் படத்தைக் கிழித்துப் போட்ட நாள் இன்னும் மனதில் இருக்கிறது.

அப்புறம் நம்ம ஊர் வெக்கை. ஸ்டாட்டிக்கைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியில் உறையும் என்பார்கள். இங்கே மார்கழியிலும் மேசை மேல் நீராகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியைக் குளிர் போவதற்குள் திறந்தால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து கரண்ட் போனபோது, உருகிய கரைசலை மறுபடி உறைய வைத்துப் பயன்படுத்தினேன். பட்டைகள் தாறுமாறாக வந்தன. இப்போது 10 மில்லிமோலாரில் கரைத்து, ஒரு தடவைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து வைக்கிறேன்; மிச்சம் நேராகக் கழிவுக்கு.

ஸ்டாட்-3இன் உறவுப் புரதங்களான ஸ்டாட்-1, ஸ்டாட்-2 இரண்டையும் ஸ்டாட்டிக் தொடும். அதனால் ஸ்டாட்-3 உற்பத்தியை மட்டும் குறைக்கும் எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ வைத்து அதே முடிவு வராத வரை, ஸ்டாட்டிக் தந்த எந்தப் பட்டையையும் நான் கட்டுரையில் சேர்ப்பதில்லை.