பழைய ரீஃப் தொட்டி: ஓடிக்கொண்டிருப்பதை வாங்குவதா, காலிக் கண்ணாடியை வாங்குவதா?

மதுரையில் ரீஃப் தொட்டி, அதாவது கடல்மீனும் பவளமும் வளரும் கடல்நீர்த் தொட்டி வைக்க ஆசைப்பட்டு, எல்லாவற்றையும் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று பழைய தொட்டியைத் தேடுகிறவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் வந்து நிற்கும். மீன், மணல், பாறை, தண்ணீர் என்று சகலத்தோடும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தொட்டியை, வீடு மாறுகிறவரிடமிருந்தோ ஆர்வம் விட்டுப்போனவரிடமிருந்தோ அப்படியே எடுத்துக்கொள்வது ஒன்று. கண்ணாடித் தொட்டி, ஸ்டாண்ட், சம்ப் ஆகியவற்றை மட்டும் காலியாக வாங்கி, உயிருள்ளவை அனைத்தையும் முதலிலிருந்து தொடங்குவது மற்றொன்று. (சம்ப் என்று நான் சொல்வது வாசலில் புதைந்திருக்கும் தண்ணீர்த் தொட்டியை அல்ல, மீன்தொட்டிக்கு அடியில் வடிகட்டிகளும் மோட்டாரும் இருக்கும் சிறு தொட்டியை.) இரண்டு வழிகளிலும் போய்ப் பார்த்தவன் என்ற முறையில், முதன்முறையாக வைக்கிறவருக்கு இரண்டாவதையே சொல்வேன்.

ஓடும் தொட்டியின் பக்கமும் நியாயம் உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அதில் ஏற்கெனவே குடியேறியிருக்கின்றன. மோட்டார் சத்தம் போடுகிறதா, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரில் நுரை ஏறுகிறதா, தண்ணீரைச் சம்புக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ குழாய் அடைக்கிறதா என்பதையெல்லாம் விற்பவர் வீட்டிலேயே நின்று பார்த்துவிடலாம். பாகம் பாகமாக வாங்குவதைவிட மொத்த விலையும் குறைவாகவே வரும். அந்தத் தொட்டி இருக்கிற இடத்திலேயே உங்கள் கைக்கு வருமானால் நானும் அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன். ஆனால் அதைப் பெயர்த்துக்கொண்டு வந்தாக வேண்டும். இடர் அத்தனையும் அந்த ஒரு நாளில்தான் இருக்கிறது.

நான் முதலில் வாங்கியது திருநகரில் ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த நான்கடித் தொட்டி. மீன்களை வாளியில் பிடித்துவிட்டு, தண்ணீரைக் கேன்களில் நிரப்பி, கடைசியாக மணலை அள்ளத் தொடங்கியபோது, மேலே வெள்ளையாகத் தெரிந்த மணலுக்கு அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கறுப்பாக ஒரு படிவு தெரிந்தது. அழுகிய முட்டை நாற்றம் கூடம் முழுவதும் பரவியது. ஆக்சிஜன் எட்டாத அடிமணலில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடின் வாடை அது. அதை அறியாமல், அந்த மணலையே வில்லாபுரத்தில் என் வீட்டுத் தொட்டியில் கொட்டி, அதே தண்ணீரை ஊற்றி, அன்று மாலையே மீன்களையும் விட்டேன். பாக்டீரியாக்கள் தண்ணீரில் இருக்கின்றன என்று நம்பித்தான் அத்தனை கேன்களைச் சுமந்தேன். அவை பெரும்பாலும் பாறையின் நுண்துளைகளிலும் மணற்பரப்பிலும் ஒட்டி வாழ்கின்றன. பழைய தண்ணீரோடு வந்து சேர்வது பழைய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான். வெயிலில் ஆட்டோவின் பின்புறம் ஒரு மணி நேரம் காய்ந்து வந்த பாறையிலோ, பாக்டீரியாவில் பெரும்பகுதி செத்திருக்க வேண்டும். நள்ளிரவில், அந்தத் தொட்டியோடு வந்த கிளவுன் மீன் (வெள்ளைப் பட்டையுள்ள சிறு கடல்மீன்) இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கடல்நீரின் பிஎச் எட்டுக்கு மேல் இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீரில் செய்வதைவிட இங்கே அதிகக் கொடுமை செய்யும். மூன்றாம் நாளில் ஒரு மீனும் மிஞ்சவில்லை.

இடமாற்றத்தைக் கவனமாகச் செய்துவிட்டாலும், வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத சில பாக்கிகள் ஓடும் தொட்டியில் இருக்கும். பல ஆண்டுகள் ஊறிய பாறை பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்திருந்து, பிறகு மாதக்கணக்கில் கசியவிடும், அதை உண்டு வளரும் பாசி நிற்காது. அய்ப்டாசியா என்ற சிறு கடல் அனிமோன் ஒன்றே ஒன்று பாறை இடுக்கில் இருந்தாலும் தொட்டி முழுக்கப் பரவிவிடும். இவற்றைவிட முக்கியமாக, மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தபோது விற்பவர் எப்போதாவது தாமிர மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றியிருந்தால், அந்தத் தாமிரம் பாறையிலும் மணலிலும் ஏறியிருக்கும். மீன் தாங்கும் அளவை இறாலும் நத்தையும் பவளமும் தாங்கமாட்டா. இந்தக் கேள்வியை விலை பேசுவதற்கு முன்பே நேராகக் கேட்டுவிட வேண்டும். பதில் தயங்கி வந்தால் அந்தப் பாறையையும் மணலையும் வாங்க வேண்டாம்.

பவளத்தின் நிலை இன்னும் தெளிவானது. பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கடல் குதிரையும் கடல் அட்டையும் அப்படியே. பழைய தொட்டியோடு ‘மண்டபத்திலிருந்து வந்தது’ (இராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள கடலோர ஊர்) என்று பெருமையாகச் சொல்லித் தரப்படும் பவளமும், செத்த பவளத்தாலான ‘லைவ் ராக்’கும் சட்டப்படி நீங்கள் வைத்திருக்கக் கூடாதவை. தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றி மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்படுவதற்கு முன்பு, சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டடங்களுக்கும் அங்கே பவளப்பாறை வெட்டி எடுக்கப்பட்டது. அந்த 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் மூழ்கியதற்கு அதுவே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நம் கூடத்து அழகுக்காக அந்தக் கடலிலிருந்து ஒரு துண்டுகூட வரக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. முதல் ஆண்டில் தொட்டிக்கென்று விற்கப்படும் பீங்கான் பாறையும், பண்ணையில் பிறந்த கிளவுன் மீனும் போதும். கிளவுன் மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை, மண்டபத்தில் மண்டல மையம் வைத்திருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கியிருக்கிறது. பண்ணை மீன் குச்சித் தீவனத்தைத் தயங்காமல் தின்னும் என்பது புதியவருக்குப் பெரிய நிம்மதி.

காலித் தொட்டியில் பார்க்க வேண்டியவை குறைவு. கண்ணுக்கு நேராகத் தெரிபவை. கண்ணாடிகள் சேரும் மூலைகளில் சிலிக்கான் ஓரத்தை நகத்தால் மெதுவாக நிமிண்டிப் பார்க்க வேண்டும். உரிந்து வந்தாலோ, இரு கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள பசையில் வெள்ளையாகக் காற்றுக்குமிழ் தெரிந்தாலோ விட்டுவிடலாம். தேறினால், மாடியிலோ முற்றத்திலோ சமமான பலகையில் தெர்மோகோல் போட்டு, தண்ணீர் நிரப்பி மூன்று நாள் வைக்க வேண்டும். நாலடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டி சுமார் 255 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 260 கிலோ. ஸ்டாண்டின் கால் உப்புநீரில் துருவேறியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஸ்கிம்மரையும் சம்பையும் வினிகரில் ஊறவைத்துப் பயன்படுத்தலாம். டி5 குழல்விளக்குகளையும் சோதனைத் திரவங்களையும் பழையதாக வாங்குவதில் பயனில்லை. குழல் எரிந்துகொண்டிருந்தாலும் ஓராண்டில் அதன் நிறமாலை மாறிவிடும்.

இந்த வழியின் குறை, காத்திருப்பு. பாக்டீரியா புதிதாகக் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை பாறையும் தண்ணீரும் ஓடும் தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்துக்கு வருவதைச் சோதனைக் குழாயின் நிறத்தில் நாளுக்கு நாள் பார்த்த அந்த வாரங்களில்தான், முதல் தொட்டியில் என்ன நடந்தது என்பது எனக்கு முழுவதும் விளங்கியது.

அடுத்து தண்ணீர். அமாவாசைக்கு இராமேஸ்வரம் போகிறவர்களிடம் இரண்டு கேன் கொடுத்தனுப்பினால் போதுமே என்று வீட்டில் கேட்பார்கள். கடல்நீர் இலவசம், அதில் எல்லாத் தாதுக்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் மக்கள் குளிக்கும் துறையில் மொண்ட தண்ணீர் உதவாது. வடகிழக்குப் பருவமழையில் பாக் நீரிணைப் பக்கம் உப்பளவு இறங்கிவிடும். கொண்டுவந்த பின்னும் வடிகட்டி, இருட்டில் வைத்து, காற்றேற்றிய பிறகே ஊற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவில் அவசரமாக 40 லிட்டர் மாற்ற வேண்டியிருக்கும்போது இராமேஸ்வரம் 170 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. செயற்கை உப்பு செலவுதான். 200 லிட்டருக்கு ஏறத்தாழ ஏழு கிலோ போகும். ஆனாலும் உப்பளவு ஒவ்வொரு முறையும் 35க்கு (ஆயிரம் பங்கில் 35 பங்கு உப்பு) வந்து நிற்கும்.

உப்பைக் கரைக்கும் தண்ணீரில் ஒரு கண்ணி இருக்கிறது. வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில், குடிப்பதற்குச் சுவை வேண்டுமென்று, வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தை மீண்டும் கலக்கும் ஒரு திருகு இருக்கும். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையோடு அந்தக் கலவை சேர்ந்தால், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 50, 60 என்று காட்டும். நமக்கு வேண்டியது பூஜ்யத்தை ஒட்டிய எண். அந்தத் திருகை முழுவதும் மூடி, மினரல் கார்ட்ரிட்ஜைக் கழற்றி, கடைசியில், மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் ஒரு டிஐ ரெசின் குழாயைச் சேர்த்தால் சரியாகிவிடும். 20 லிட்டர் கேன் தண்ணீரையும் மீட்டர் வைத்துப் பாராமல் ஊற்றக் கூடாது.

கடைசியாக, வெயில். ரீஃப் தொட்டிக்கு 24 முதல் 27 டிகிரி வேண்டும். சித்திரையில் காங்கிரீட் கூரைக்குக் கீழே நம் கூடமே 34இல் இருக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லரா, தண்ணீரின்மேல் வீசும் சிறு மின்விசிறியா என்பதில், கடலோர ஊர்க்காரருக்கு இல்லாத ஒரு வசதி மதுரைக்காரருக்கு உண்டு. நம் கோடைக்காற்று உலர்ந்தது என்பதால் விசிறி இங்கே நன்றாக வேலை செய்யும். என் தொட்டியில் மூன்று டிகிரி வரை இறங்குகிறது. அதற்கு ஈடாக ஒரு நாளில் நாலைந்து லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு உள்ளேயே நிற்கும். ஈடுசெய்ய ஊற்ற வேண்டியதும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரே. மூன்று நாள் ஊற்றாமல் வெளியூர் போய்விட்டால் உப்பளவு 35இலிருந்து 38ஐ நெருங்கிவிடும். கிளவுன் மீன் மட்டும் வைத்திருப்பவர் விசிறியோடும், தானாகத் தண்ணீர் நிரப்பும் மிதவையோடும் கோடையைத் தாண்டிவிடலாம். ஆவணத்தோடு கிடைக்கும் பவளம் எதையேனும் பின்னால் வைக்க எண்ணுகிறவர் சில்லருக்குப் பணம் சேர்த்துக்கொண்டு வாங்குவது நல்லது. சில்லரைப் பழையதாக வாங்கலாம், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அல்ல; பங்குனி கடைசியில் ஒரு நண்பகலில் போய், அதை ஓடவிட்டு, வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கேயே நின்று பார்த்து வாங்க வேண்டும்.