நின்றபடி கம்பி கட்டும் கருவி: இடுப்பு தப்பிக்கிறது, ரீல்தான் படுத்துகிறது

நீண்ட பிடி வைத்த பேட்டரி கம்பி கட்டும் கருவி விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்கும் கம்பி கான்ட்ராக்டர்களுக்காக இது. வோல்ட், எடையெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

கடையில் சொல்லாதது ரீல் விஷயம். கையால் முறுக்கும் கொக்கியால் கட்டும் 18 கேஜ் கட்டுக்கம்பி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிலோ கணக்கில் கிடைக்கும். இந்தக் கருவிக்கு அது ஆகாது. இதற்கென்றே சுற்றிய ரீல்தான் போட வேண்டும். ஒரு ரீலுக்கு 200 முதல் 250 கட்டு. 12 மி.மீ. கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக 150 மி.மீ. இடைவெளியில் பரப்பினால் சதுர மீட்டருக்குச் சுமார் 44 சந்திப்பு. ஒன்றுவிட்டு ஒன்று கட்டினாலும் 100 சதுர மீட்டர் தளத்துக்கு 2,200 கட்டு. பத்து ரீல் போய்விடும். மறுநாள் காலை கான்கிரீட் என்றிருக்கையில் ரீல் தீர்ந்தால் வேலை அப்படியே நிற்கும். ஈரம் பட்டுத் துருவேறிய ரீலோ உள்ளேயே சிக்கும். உழைப்பவனின் இடுப்புக்காக வந்த பொருளை இப்படி ஒரே கம்பிக்குள் பூட்டி வைத்திருப்பது அநியாயம்.

ஆனால் ரீல் மாற்றப் பத்து முறை குனிந்தால் போதும். கொக்கியில் 2,200 கட்டையும் குனிந்தேதான் போட்டாக வேண்டும். முழுக்கக் குனிந்தே இருக்கும்போது முதுகுத் தசை வேலையை விட்டுவிடுகிறது. பாரம் எலும்புகளைப் பிணைக்கும் நார்களுக்கும் டிஸ்குக்கும் போகிறது. நார்கள் இழுபட்டுத் தளர்ந்த அந்த நிலையில் நிமிர்ந்து, 19 கிலோ வரும் 12 மீட்டர் நீள 16 மி.மீ. கம்பியைத் தூக்கினால் அங்கேதான் பிடிக்கிறது. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 2007இல் கட்டுமானத் தொழிலாளர்களுக்காக வெளியிட்ட கையேட்டிலும் நீட்டுப்பிடி வைத்துக் கம்பி கட்டும் முறை இருக்கிறது.

பழக்கம் இல்லாதவர் கையில் கருவி அடிக்கடி சிக்கும். இரண்டு கம்பிக்கும் குறுக்காக, மூலைவாட்டில் கருவியின் வாயை வைத்து, முறுக்கி முடியும்வரை அசைக்காமல் பிடிக்க வேண்டும். அவசரத்தில் மேலே இழுத்தால் கட்டு தளரும், அறுந்த துண்டு வாய்க்குள் நிற்கும். முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் குறட்டால் எடுக்க வேண்டும். கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தாலும் கட்டு லூசாகும். கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் 20 மி.மீ. கவர் பிளாக் மேல் உள்ள அடிவலையில் வாய் நுழைய இடம் போதாமல் கீழே உள்ள சென்ட்ரிங் ஷீட்டில் முட்டினால், வலையை இன்னும் உயரமான கட்டைமேல் வைத்துக் கட்டி முடித்தபின் கவர் பிளாக் மேல் இறக்குங்கள்.

பிடியின் உயரத்தையும் பாருங்கள். நிமிர்ந்து நின்று வாயைக் கம்பியில் வைத்தால் முழங்கை உடம்போடு ஒட்டியே இருக்க வேண்டும். குட்டையானவர் தோளைத் தூக்கிப் பிடித்தால் வலி இடுப்பிலிருந்து தோளுக்கு மாறும், அவ்வளவுதான்.

பீமுக்கும் தூணுக்கும் இது உதவாது. அவற்றின் கம்பிகளைச் சுற்றி வரும் ரிங் கட்டக் கொக்கிதான். தனி வீடு கட்டுபவர் வாங்க வேண்டாம், தளத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். ராஃப்டும் (கட்டடம் முழுதுக்குமான அஸ்திவாரத் தளம்) அடுக்குமாடித் தளமும் தொடர்ந்து எடுக்கும் கான்ட்ராக்டர், ரீலைத் திட்டிக்கொண்டாவது வாங்கத்தான் வேண்டும். ரீல் செலவைச் சதுர மீட்டர் ரேட்டில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள், ஆட்களின் கூலியில் பிடிக்காதீர்கள்.