ஓவியமா, எழுத்தா, அரங்கா: மருத்துவ மாணவரின் ஒத்துணர்வை எது காக்கிறது?

அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, முதல் இரண்டு ஆண்டுகளில் பெரிதும் மாறாதிருந்த ஒத்துணர்வு, வார்டுகளில் நோயாளிகளோடு பழகும் மூன்றாம் ஆண்டின் முடிவில் சரிந்திருந்ததைக் காட்டியது. எனவே கலை இலக்கியப் பயிற்சிகளை ஒப்பிடும்போது, வார்டுக்குள் நிகழும் அந்தத் தேய்மானத்தை எது தொடுகிறது என்பதையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

ஓவியத்தின் பக்கம் சான்று ஓரளவு திடமானது. ஃபிலடெல்ஃபியாவில் முதலாண்டு மாணவர்கள் 36 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மட்டும் கலை அருங்காட்சியகத்தில் ஆறு அமர்வுகள் நடத்தினார்கள்; அவர்களுடைய கூர்நோக்குத் திறன் மற்றவர்களைவிடத் தெளிவாக உயர்ந்தது. ஆனால் கூர்ந்து பார்ப்பது வேறு, பரிந்து பார்ப்பது வேறு. தோலின் நிறமாற்றத்தைத் தவறவிடாத கண், அந்தத் தோலுக்குரியவரின் அச்சத்தைத் தவறவிடலாம்.

எழுத்துவழிப் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை அதிகம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ரீட்டா சரோன் 1990களில் மாணவர்களுக்கு 'இணைக் குறிப்பேடு' ஒன்றைத் தந்தார். நோயாளி ஒருவர் மாணவரின் இறந்துபோன தாத்தாவை நினைவூட்டினால், அந்தக் கலக்கத்துக்குக் கேஸ் ஷீட்டில் இடமில்லை. ஆனால் எங்காவது அது எழுதப்பட்டாக வேண்டும் என்பது சரோனின் வாதம். எழுதியதைச் சக மாணவர்கள் நடுவே வாசித்துக் காட்டவும் வேண்டும். பயிற்சி வார்டிலேயே, சரிவு தொடங்கும் அதே நாட்களில் நடக்கிறது என்பதே இதன் பலம். அந்த வாசிப்பை நெறிப்படுத்தத் தெரிந்த ஆசிரியர் அமையாவிட்டால், இதுவும் இன்னொரு ரெக்கார்டு நோட்டாகிவிடும்.

அரங்குக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி உண்டு. டெல்லி மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2009இல் உருவான மருத்துவக் கலை இலக்கியக் குழு, பிரேசிலின் அகஸ்தோ போவால் வகுத்த ஒடுக்கப்பட்டோர் அரங்கைக் கையாண்டது. இந்த அரங்கின் ஒரு வடிவத்தில் பார்வையாளரே நாடகத்தை நிறுத்தி, பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு விதமாக நடந்து காட்டலாம். மூத்த மருத்துவர் நோயாளியை அதட்டும்போது இளையவர் வாய்மூடி நிற்பதை, எழுத்தைவிட இது நேராகத் தொடுகிறது. பலன் தனிமனிதரின் இரக்கத்தோடு நில்லாமல் அதிகார உறவுக்கும் செல்கிறது. வாரந்தோறும் நடத்தக்கூடியதன்று என்பதே குறை.

இந்தியாவில் 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் கட்டாயமாகிய 'ஏட்காம்' பகுதி, அணுகுமுறையையும் அறநெறியையும் தொடர்பாடலையும் எல்லா ஆண்டுகளுக்கும் பரப்பி வைத்திருக்கிறது. விருப்பமுள்ளவர்களை மட்டுமல்லாமல் அனைவரையும் எட்டுவதில் மற்ற மூன்றும் இதற்கு ஈடாகா. கலை இலக்கியத்துக்கு அதில் கிடைக்கும் இடம் ஆசிரியரின் ஆர்வத்தைப் பொறுத்தது.

எல்லா ஒப்பீட்டுக்கும் பொதுவான இடறல் ஒன்று உண்டு. ஒத்துணர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஜெஃபர்சன் அளவுகோல், மாணவர் தம்மைப் பற்றித் தாமே நிரப்பும் 20 கூற்றுகள் கொண்ட படிவம். எந்த விடை எதிர்பார்க்கப்படுகிறது என்பது தேர்வெழுதியே வளர்ந்தவருக்குத் தெரியாதா என்ன? மருத்துவக் கல்வியில் கலை இலக்கியம் பற்றி 2010இல் வந்த மதிப்பாய்வு ஒன்று, தான் எடுத்துக்கொண்ட 245 கட்டுரைகளில் ஒன்பதில் மட்டுமே நீண்டகாலத் தாக்கத்துக்கான சான்று இருந்ததாகக் கண்டது. ஆகவே என் தெரிவும் தற்காலிகமானதே: இணைக் குறிப்பேட்டை வார்டுப் பணி தொடங்கும் ஆண்டிலிருந்தே தரலாம், அதற்கு மதிப்பெண் மட்டும் வேண்டாம்.