நீலிபிருங்காதி எண்ணெய்: பேரு ஒண்ணு, பாட்டில் மூணு

மூணு வருஷமா நீலிபிருங்காதி தேய்ச்சிட்டு வரேன். மக பொறந்து நாலாவது மாசம் தலை சீவுனாலே கொத்து கொத்தா முடி வந்துச்சு, அப்போ அம்மா சொன்ன ஆயுர்வேத எண்ணெய் இது. முதல் பாட்டில் இங்க சிங்கப்பூர் தேக்காவுல வாங்குனேன், அடுத்தது ஆன்லைன்ல, மூணாவது சித்தி பாலக்காட்டுல இருந்து கொண்டு வந்தது. முன்னாடி மூணுலயும் ஒரே பேருதான், திருப்பி படிச்சா தான் தெரியுது மூணும் வேற வேற சரக்குன்னு.

பின்னாடி எல்லாம் சமஸ்கிருதப் பேரா இருக்கும், பயப்படாதீங்க. நீலின்னா நம்ம அவுரி, பிருங்கராஜ்னா கரிசலாங்கண்ணி, ஆமலகி நெல்லிக்காய், யஷ்டி அதிமதுரம், குஞ்சா குன்றிமணி. இதையெல்லாம் தேங்காப்பால், பசும்பால், ஆட்டுப்பால், எருமைப்பால்னு ஊத்தி எண்ணெயோட காய்ச்சி இறக்கணும். சித்தி பாட்டில்ல ஒவ்வொண்ணும் 10 மில்லிக்கு எவ்வளவுன்னு போட்டிருந்துச்சு. தேக்கா பாட்டில்லயும் அளவு இருந்துச்சு, ஆனா அது தைலம், நல்லெண்ணெய்ல காய்ச்சுனது, சித்தியோடது கேரம், அதாவது தேங்காயெண்ணெய். இந்த வித்தியாசமே எனக்கு ஒரு வருஷம் கழிச்சுதான் தெரியும்.

ஆன்லைன் பாட்டில்தான் மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. முன்னாடி பெருசா தேங்கா படம், விலை 28 வெள்ளி. நைட்டு ஏர்கான் 22ல ஓடும், காலையில பார்த்தா சித்தி கேரம் வெண்ணெய் மாதிரி உறைஞ்சு கெடக்கு, பக்கத்துலயே இது தண்ணி மாதிரி ஆடுது, தேங்காயெண்ணெய்னா இந்த குளிருக்கு உறையணுமேன்னு திருப்பி பார்த்தா முதல் பேரே லைட் லிக்விட் பாரஃபின், அது பெட்ரோலியத்துல இருந்து எடுக்குற மினரல் ஆயில். அப்புறம் வாசனை, பச்சை கலர், மூலிகை எல்லாம் கடைசியில அளவே இல்லாம. ரெண்டு மாசம் அதை தேய்ச்சு தலை அரிச்சதுதான் மிச்சம், விட்டதும் அரிப்பு நின்னுச்சு. விக்கிறவங்ககிட்ட கேட்டேன், பதிலே இல்ல.

இன்னொண்ணு, நல்ல பாட்டில்லயும் அஞ்சனம்னு ஒண்ணு இருக்கும். அது மூலிகை இல்ல, கல்லு, அதனால ஈயம் மாதிரி ஏதாவது கலந்திருக்குமோன்னு ஒரு பயம். 2004ல வெளிவந்த ஒரு ஆய்வுல, பாஸ்டன் பக்கம் கடைகள்ல வித்த 70 ஆயுர்வேத உள்மருந்த டெஸ்ட் பண்ணப்போ 14ல ஈயம், பாதரசம், ஆர்சனிக்ல ஏதோ ஒண்ணு இருந்துச்சு. இது வெளிப்பூச்சுதான், இருந்தாலும் கைய வாயில வைக்குற வயசு, அதனால மகளுக்கு வெறும் தேங்காயெண்ணெய்தான் தேய்க்குறேன்.

முடி வளர்ந்துச்சான்னு கேப்பீங்க. கொட்டுறது ஒரு வருஷத்துல நின்னுச்சு, ஆனா பிள்ள பெத்தவங்களுக்கு அது பெரும்பாலும் தானாவே நிக்கும், அதனால எல்லாம் எண்ணெயாலன்னு சொல்ல மாட்டேன். தலை காய்ஞ்சு வெடிக்குறது போச்சு, அது நிச்சயம் எண்ணெயாலதான். இப்போ சித்தி பாலக்காடு போகாத மாசம் தேக்காவுலயே தைலம் வாங்கிக்குறேன், ஞாயித்துக்கிழமை லேசா சூடு பண்ணி ஒரு மணி நேரம் ஊற வெச்சு சீயக்கா போட்டு அலசிடுவேன்.