மூணு நாள் மௌன தியானம் போயிட்டு வந்தேன், என் அனுபவம்

போன தவக்காலத்துல (ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் நோன்பு காலம்) திண்டுக்கல் பக்கம் ஒரு தியான இல்லத்துல மூணு நாள் மௌன தியானம் இருந்துட்டு வந்தேன். வியாழக்கிழமை சாயங்காலம் போய் ஞாயிறு மதியம் சாப்பிட்டுட்டு கிளம்புறது. சேசு சபைங்கிற துறவற சபைய ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார் வகுத்த முறை தியானம். எழுதணும் எழுதணும்னு நெனச்சு இப்பதான் உக்காந்தேன், ஏன்னா தியானம்னாலே நம்ம ஆளுங்க நிறைய பேரு மைக் செட், கீபோர்டு, கைதட்டல், குணமாக்கும் செபம்னு தான் நெனைக்கிறாங்க, இது வேற. இல்லத்தோட பேரு போடல, ரூமே கொஞ்சம்தான், கூட்டம் சேர்ந்தா அந்த அமைதி போயிடும்னு அங்க இருந்த ஃபாதர் கேட்டுக்கிட்டாங்க. உங்க பங்கு சாமியார்கிட்ட சேசு சபைக்காரங்க நடத்துற இல்லம் பக்கத்துல எங்க இருக்குனு கேளுங்க, சொல்லுவாங்க.

நான் ஏன் போனேன்னு சொன்னாதான் மத்தது புரியும். பதினஞ்சு வருஷமா ஒவ்வொரு தவக்காலமும் கறி மீன் விட்டுருவேன், தாடி வளப்பேன், வெள்ளிக்கிழமை ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் சாப்பாடு), இயேசுவோட பாடுகள நெனச்சு பண்ற சிலுவைப்பாதை செபம் ஒண்ணு கூட விடமாட்டேன். ஊர்ல எல்லாரும் பக்தியான ஆளுனு சொல்லுவாங்க. ஆனா ராத்திரி வீட்ல எல்லாரும் தூங்குனப்புறம் போன்ல நான் என்ன பாத்துட்டு இருந்தேன்ங்கிறது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். பாவசங்கீர்த்தனத்துல, அதாவது சாமியார்கிட்ட பாவத்த அறிக்கையிடுறப்ப, சொல்லுவேன், அழுவேன், ஒரு வாரம் பத்து நாள் நல்லா இருப்பேன், அப்புறம் மறுபடியும் அதே. இதுலருந்து எனக்கு விடுதலையே கிடையாதுனு ஒரு கட்டத்துல நம்பவே ஆரம்பிச்சுட்டேன்.

போனதும் ஆபீஸ்ல போனை வாங்கி ஒரு துணிப்பையில போட்டு நம்பர் எழுதி வச்சுட்டாங்க. ரூம்ல ஒரு கட்டில், மேசை, விவிலியம், செவுத்துல பாடுபட்ட சுரூபம் (சிலுவையில தொங்குற இயேசு), அவ்வளவுதான். முதல் நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும், தூக்கம் வரல, என் கை தானா தலகாணிக்கு அடியில போய் தடவுது. அங்க ஒண்ணும் இல்ல. கைய வெளிய எடுத்து அதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். நான் முடிவு பண்ணி அனுப்பின கை இல்ல அது, அதுவா போகுது. எத்தன வருஷமா பழக்கியிருக்கேன்னு அன்னிக்குதான் உறைச்சது, பயமாவும் இருந்துச்சு.

காலைல அஞ்சரைக்கு மணி. ஒரு நாளைக்கு நாலு தடவ ஒவ்வொரு மணி நேரம் தனியா செபம், நடுவுல சின்னதா ஒரு உரை, திருப்பலி, அப்புறம் தினமும் அரை மணி நேரம் ஃபாதரோட தனியா பேசுறது. பேச்சு அந்த அரை மணி நேரம் மட்டும்தான். சாப்பாட்டு ரூம்ல பத்துப் பேரு உக்காந்து கஞ்சி குடிக்கிறோம், கரண்டி தட்டுல படுற சத்தம் மட்டும் கேக்கும். முதல் வேளை ஒரு மாதிரி சங்கடமா இருந்துச்சு, மறுநாள் அதுவே புடிச்சுப் போச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். முதல் சந்திப்புல நான் என்னென்ன ஒறுத்தல் பண்றேன்னு வரிசையா சொன்னேன். ஃபாதர் கேட்டுட்டு, "கறிய விடுறப்ப உங்களுக்கு எங்க வலிக்குது தம்பி?"னு கேட்டாங்க. யோசிச்சு பாத்தா வலிக்கவே இல்ல, பழகிப் போச்சு, நாலு பேரு பாராட்டுறதுல கொஞ்சம் சந்தோஷம் கூட இருந்துச்சு. இஞ்ஞாசியாரே இதை பிரிச்சு எழுதி வச்சிருக்காராம்: தேவைக்கு மேல இருக்கிறத விட்டா அது தவமில்ல, அது வெறும் மட்டுத்திட்டம், நமக்கு நியாயமா உள்ளதுலருந்து கொறைக்கும்போதுதான் தவம் ஆரம்பிக்குது, அதுவும் உடம்பு கெடாத அளவுக்கு. அவரே அனுபவப்பட்டவர். 1521ல ஸ்பெயின்ல பாம்பலோனா கோட்டையில பீரங்கி குண்டு பட்டு கால் ஒடஞ்சு, அப்புறம் மன்ரேசாங்கிற ஊர்ல முடி நகம் வெட்டாம, கறி தொடாம கடுமையா இருந்து பாத்துட்டு, பின்னாடி அதையெல்லாம் அவரே தளத்திக்கிட்டார். அதனால இந்த இல்லத்துல யாரையும் பட்டினி போடல. சுகர் உள்ள ஒரு பெரியவருக்கு நேரத்துக்கு இட்லி வந்துருச்சு. திருச்சபை சட்டப்படியே நோன்பு 18லருந்து 59 வயசு வரைக்கும்தான், சீக்காளிக்கு கட்டாயம் கிடையாது.

அப்புறம் ஒரு சின்ன நோட்டு குடுத்தாங்க. ஒரு பக்கத்துல ஏழு ஜோடி கோடு, ஒரு நாளைக்கு ஒரு ஜோடி, முதல் நாள் கோடு நீளம், போகப் போக சின்னதாயிட்டே வரும். எல்லா பாவத்தையும் ஒரே நேரத்துல எடுக்கக்கூடாது, ஒண்ணே ஒண்ணு. காலைல எந்திரிச்சதும் இன்னிக்கு இதுல விழமாட்டேன்னு நெனச்சுக்கணும், மதியம் சாப்பிட்டப்புறம் மணி மணியா திரும்பிப் பாத்து எத்தன தடவ விழுந்தோமோ அத்தன புள்ளி மேல் கோட்டுல, ராத்திரி அதே மாதிரி கீழ் கோட்டுல. விழுந்த உடனே நெஞ்சுல கைய வச்சுக்கணும், பக்கத்துல ஆள் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. நேத்தைக்கும் இன்னிக்கும், போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் ஒப்பிட்டுப் பாக்கணும். கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின முறை. என்னைப் பின்பற்ற விரும்புறவர் "தம் சிலுவையை நாள்தோறும்" தூக்கிக்கிட்டு வரட்டும்னு ஆண்டவர் சொல்றது லூக்கா நற்செய்தியில தான் வருது, மத்தேயுவுலயும் மாற்குலயும் அந்த "நாள்தோறும்" இல்லனு ஃபாதர் காட்டுனாங்க. நாப்பது நாள் பெருசா ஏதாவது பண்ணிட்டு மிச்ச நாள் சும்மா இருந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை ஈட்டி மாதிரி இறங்குச்சு.

இன்னொண்ணு, செபம் வறண்டு போயி எப்படா மணி அடிக்கும்னு இருக்கிற நேரத்துல எந்திரிச்சுப் போகாம, ஒரு மணி நேரம் முடிஞ்சும் கொஞ்சம் கூட உக்காரணுமாம். சனிக்கிழமை தியானத்துக்கு கெத்சமனி பகுதி, ஆண்டவர் பிடிபடுறதுக்கு முன்னாடி தோட்டத்துல செபிச்ச இடம். ஒரு மணி நேரம்கூட என்னோட விழிச்சிருக்க முடியலையானு சீடர்கள ஆண்டவர் கேக்குற இடம். நாப்பதாவது நிமிஷத்துல எனக்கு முதுகு வலி, கொசு, கடைக் கணக்கு எல்லாம் வந்துச்சு, ஓடிரலாம்னு இருந்துச்சு. மணி அடிச்சது, மத்தவங்க எந்திரிச்சாங்க, நான் இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்தேன். பெருசா காட்சி எதுவும் கிடைக்கல. ஆனா "போ"னு உள்ள இருந்து தள்ளுறப்ப போகாம இருக்க முடியும்னு வாழ்க்கையில முதல் தடவயா என் உடம்புக்குத் தெரிஞ்சது. ராத்திரி போன் எடுக்கச் சொல்றதும் அதே தள்ளுதல்தானே. நான் அங்க யாருக்காக உக்காந்தேன்னு தெரிஞ்சு உக்காந்ததால அந்த ரெண்டு நிமிஷம் கசக்கல.

கடைசி சந்திப்புல ஃபாதர் சொன்னது, நல்ல வீட்டுப் பொண்ண ஏமாத்த வர்றவன் முதல்ல "உங்கப்பாகிட்ட சொல்லிராத"னு தான் சொல்லுவான், சாத்தானும் அப்படித்தான், வெளிய தெரிஞ்சா அவன் வேலை நடக்காது. இதுவும் இஞ்ஞாசியார் சொன்ன உவமைதான். வீட்டுக்கு வந்து மூணாவது நாள் வீட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு நாள் என்கூட பேசல, அழுதா. அப்புறம் அவளே ராத்திரி ஒன்பதரைக்கு என் போனை வாங்கி பீரோல வச்சுப் பூட்ட ஆரம்பிச்சா, இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான்.

குறைனு பாத்தா, மாடி பாத்ரூம்ல காலைல தண்ணி வரல, கீழ வந்து பக்கெட்ல தூக்கிட்டுப் போகணும். குடுத்த தாள்ல இருந்த தமிழ் ரொம்ப பழசு, ரெண்டு தடவ படிச்சாதான் புரியுது. வந்தவங்கள்ல ஒருத்தர் ரெண்டாவது போனை ஒளிச்சு வச்சு வராண்டாவுல குசுகுசுனு பேசிட்டு இருந்தாரு, அத நிர்வாகம் கண்டிப்பா கவனிச்சிருக்கணும், மௌனத்துக்காகவே வந்தவங்களுக்கு அது பெரிய இடைஞ்சல். எல்லாத்தையும் விட பெரிய குறை, மூணு நாள் பத்தாது. மனசு அடங்குறதுக்கே ரெண்டு நாள் ஆகுது, அடங்குனா பையை கட்டச் சொல்றாங்க. முழுப் பயிற்சி முப்பது நாள், எட்டு நாளும் இருக்கு, லீவு கிடைக்கிறவங்க நேரா எட்டு நாளுக்கே போங்க.

கட்டணம்னு கிடையாது, காணிக்கைதான், நான் 2000 ரூபா கவர்ல போட்டேன். போர்வை, டார்ச், வெறும் நோட்டு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. குடிய நிறுத்துனா கை நடுங்குற நிலைமையில இருக்கிறவங்க, மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுறவங்க முதல்ல டாக்டர்கிட்ட கேட்டுட்டு, புக் பண்றப்பவே ஃபாதர்கிட்டயும் சொல்லிருங்க, தனியா அவ்வளவு நேரம் மௌனமா இருக்கிறது எல்லாருக்கும் ஒத்துக்காது.

நோட்டு இப்பவும் சட்டைப் பையில தான் இருக்கு. இந்த வாரம் மூணு புள்ளி. ஜூலை மாசம் எட்டு நாளுக்கு பேரு குடுத்திருக்கேன்.